ஸ்டேஷன் மாஸ்டர் வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில், அதுவும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம், ரயில்வேயில் வேலை செய்த தாத்தாவோ பெரியப்பாவோ இல்லாத பழைய தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாண வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது அந்தக் குவாட்டர்ஸ் பக்கம் போய்விடும், கேள்விகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். அவற்றுக்கான பதில்கள்தான் இவை. ரயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தில் எத்தனையோ பேருக்குக் குவாட்டர்ஸ் கொடுத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் மட்டும் என்ன விசேஷம்?

அது இருந்த இடம்தான் விசேஷம். ஆசிரியருக்கோ ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கோ கொடுத்த வீடு ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் போதும். ஸ்டேஷன் மாஸ்டர் வீடு பிளாட்பாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் மலாயாவில் ரொம்ப காலத்துக்குப் பெரும்பாலான இடங்களில் ஒற்றைப் பாதைதான். வடக்கே போகிற ரயிலுக்கும் தெற்கே வருகிற ரயிலுக்கும் அதே தண்டவாளம், ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றால்தான் இன்னொன்று போக முடியும். எது நிற்கும், எது போகும் என்பதற்கு அந்தந்த ஸ்டேஷனில் பொறுப்பாளி ஸ்டேஷன் மாஸ்டர். மெயில் ரயில் இரவிலும் ஓடும், சரக்கு ரயிலுக்கு நேரமே கிடையாது, மழையில் மண் சரிந்தால் நடுச்சாமத்தில் கதவைத் தட்டுவார்கள்.

ஆகவே சிக்னல் கம்பம், மணி, தந்திக் கருவி இவற்றோடு சேர்ந்த ஒரு தளவாடமாகத்தான் ரயில்வே அந்த வீட்டைப் பார்த்தது. பேரப்பிள்ளைகள் 'தாத்தாவுக்கு வீடு கொடுத்து வைத்திருந்தார்கள்' என்று பெருமையாகச் சொல்வார்கள். தாத்தாவைக் கேட்டிருந்தால் அந்த வீட்டில் கட்டிப்போட்டிருந்தார்கள் என்று சொல்லியிருப்பார்.

ஒற்றைப் பாதையில் ரயில்கள் மோதாமல் எப்படி ஓட்டினார்கள்?

டோக்கன் என்று ஒன்று இருந்தது. ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும், பலர் அதைப் பயணச்சீட்டு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அது கனமான உலோகச் சாவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புக் கருவி ஒன்று நிற்கும், இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ரயிலை அனுப்ப வேண்டியவர் அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடிப்பார், இத்தனை தட்டு என்றால் இன்ன வகை ரயில் என்று கணக்கு உண்டு. அங்கே இருப்பவர் பாதை காலிதான் என்று பார்த்து, பதில் மணி அடித்து, தன் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அப்போதுதான் இங்கே ஒரு சாவி கழன்று வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை இரண்டு கருவிகளில் ஏதாவது ஒன்றில் திரும்பப் போடும்வரை இன்னொன்று வரவே வராது. கையில் சாவி இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது.

சாவியைத் தோல் பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கோத்திருப்பார்கள். நிற்காத ரயில் என்றால் ஸ்டேஷன் ஆள் பிளாட்பார ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார், எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார்கள், பழைய சாவியை அதே வேகத்தில் வீசிவிட்டுப் போவார்கள். ராத்திரியில், மழையில், விளக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பெரிய ஸ்டேஷன்களில் முறை வைத்து வேலை செய்ய ஆட்கள் இருந்தார்கள். சின்ன ஸ்டேஷனில் மாஸ்டரும் ஒன்றிரண்டு உதவியாட்களும்தான், அவரை மூன்று மைல் தள்ளிக் குடிவைக்க முடியுமா?

இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது? வெள்ளைக்காரன் இங்கே வந்து கண்டுபிடித்ததா?

அவன் ஊரிலிருந்தே கொண்டுவந்தது. லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை 1830-ல் திறந்தது. மான்செஸ்டர் முனையில், லிவர்பூல் ரோடு ஸ்டேஷனை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது, 1808-ல் கட்டியது. அதாவது ரயில் வருவதற்கு முன்பே இருந்த வீடு. கம்பெனி அதை வாங்கித் தன் ஸ்டேஷன் ஏஜெண்டைக் குடிவைத்தது, ஆரம்பத்தில் ஸ்டேஷன் மாஸ்டரை அப்படித்தான் அழைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த கம்பெனிகள் ஸ்டேஷனையும் வீட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் கட்ட ஆரம்பித்தன. 1876-ல் பயணிகளுக்குத் திறந்த செட்டில் - கார்லைல் பாதையில் இதை நன்றாகப் பார்க்கலாம். மலையும் காற்றும் தவிர ஒன்றுமில்லாத இடங்களில்கூட ஒரே பாணியில் கல் ஸ்டேஷன்கள், பக்கத்தில் அதே பாணியில் மாஸ்டர் வீடு.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இது அப்படியே போனது. சென்னை ராயபுரத்திலிருந்து 1856-ல் முதல் ரயில் கிளம்பியது, அப்புறம் பெரம்பூர் மாதிரி ரயில்வே காலனிகளே எழுந்தன. அதிகாரிக்கு பங்களா, குமாஸ்தாவுக்கு வீடு, கூலிக்கு லயம் என்ற வரிசை அங்கே ஊறிப்போய், அதன் பிறகுதான் இங்கே கப்பல் ஏறியது.

மலாயாவில் எப்போது ஆரம்பித்தது?

முதல் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885, எட்டு மைல் சொச்சம், ஈயம் ஏற்றுவதற்காகப் போட்டது. அடுத்த வருஷமே கோலாலம்பூர் - கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. 1891-ல் சிரம்பான் - போர்ட் டிக்சன். இவை ஒன்றோடொன்று சேராத துண்டுத் துண்டான பாதைகள், சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு, அவ்வளவுதான். 1901-ல் பேராக், சிலாங்கூர் ரயில்வேக்களைச் சேர்த்து எஃப்.எம்.எஸ் (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வே என்று ஒன்றாக்கினார்கள், 1909-க்குள் வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை ஒரே பாதை. நடுவில் எத்தனை காட்டு ஸ்டேஷன்கள் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஊரே இல்லை, வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும்? சில இடங்களில் ஸ்டேஷனும் குவாட்டர்ஸும்தான் முதலில் வந்தன, கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பின்னால்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்றாலே யாழ்ப்பாணத்தார் என்கிறார்களே, உண்மையா?

எல்லாரும் அல்ல, ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த பையன்கள் நிறைய, ஊரில் அத்தனை பேருக்கும் உத்தியோகம் இல்லை. மலாயாவிலோ கணக்கு எழுத, தந்தி அடிக்க, ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப ஆள் இல்லை. எஃப்.எம்.எஸ் ரயில்வேயின் பொது மேலாளராக இருந்த ஸ்பூனர் என்பவர் முன்னே இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர், அங்கே இவர்களைத் தெரிந்துவைத்திருந்தார். ஒருவர் வந்தால் தம்பியையும் மச்சானையும் கூப்பிட்டுக்கொள்வார், இப்படியே கிராணி (குமாஸ்தா) வேலையும் ஸ்டேஷன் வேலையும் நிரம்பின. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலும் 1904-ல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமமும் அந்தக் கூட்டம் விட்டுச்சென்ற அடையாளங்கள்.

ஒரு வேடிக்கை: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் முழுசாகப் போய்ச் சேர்ந்தது 1905-ல்தான். அதற்கு முன்பே மலாயாவுக்கு வந்துவிட்ட எத்தனையோ பேர், சொந்த ஊருக்குக் கொழும்பிலிருந்து ரயில் வருமுன்பே அடுத்த நாட்டின் ரயிலுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்டவாளம் போட்டதும், சரளைக்கல் கொட்டியதும், பாதையைக் கட்டிக் காத்ததும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். அவர்களுக்கும் ரயில்வே இடம் கொடுத்தது, ஒரே கூரைக்குக் கீழே அறை அறையாகத் தடுத்த லயம். மாஸ்டர் வீட்டு வராந்தாவிலிருந்து பார்த்தால் லயம் தெரியும். இரண்டு பக்கமும் தமிழ், ஆனாலும் கொள்வினை கொடுப்பினை என்று வந்தால் நடுவில் தண்டவாளம் மட்டுமா இருந்தது? இதைப் பேசாமல் குவாட்டர்ஸ் நினைவுகளை இனிப்பாக மட்டும் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

வீடு எப்படி இருக்கும்?

வருஷத்துக்கு வருஷம், ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் பழைய மாதிரியைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். செங்கல் கால்களின் மேல் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்திய பலகை வீடு, உயர்த்தியது வெள்ளத்துக்கும் கரையானுக்கும் பயந்து, காற்று கீழே ஓடட்டும் என்பதற்கும்தான். முன்னால் வராந்தா. சுவரின் மேல் பகுதியில் காற்றுப் போக மரச் சட்டங்களோ கம்பி வலையோ. சமையலறை வீட்டோடு ஒட்டியிருக்காது, பின்னால் தனியாக, கூரை போட்ட நடைபாதை ஒன்று இரண்டையும் இணைக்கும். விறகு அடுப்புப் புகையும், பலகை வீட்டுக்குத் தீப்பிடிக்கும் பயமும் காரணம். அதற்கும் பின்னால் குளிக்கிற இடம், கடைசியில் வாளிக் கக்கூஸ், வாளி எடுக்கிறவர் வந்துபோகப் பின்சந்து. வீட்டின் வரைபடத்திலேயே யார் எந்த வழியாக வர வேண்டும் என்று எழுதியிருக்கும்.

பெரிய ஸ்டேஷன், பெரிய பதவி என்றால் அறை கூடும். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதைப் பார்த்து யாரும் அறை கொடுப்பதில்லை.

அந்த வீட்டில் வாழ்ந்த பெண்களிடம் கேட்டால் கட்டடக் கலையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், கரியைப் பற்றித்தான் சொல்வார்கள். சிலாங்கூரில் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி எடுத்தார்கள், அதைப் பெருமளவில் வாங்கியது ரயில்வே. வெளுத்து வெயிலில் போட்ட வேட்டியில் எஞ்சின் புகைக்கரி விழுந்து புள்ளி புள்ளியாகப் போகும். ரயில் வரும் நேரத்தைப் பார்த்துத் துணியைக் கொடியில் போடுவதும் எடுப்பதும் அந்த வீடுகளில் ஒரு வேலை. 1957-ல் டீசல் எஞ்சின்கள் வர ஆரம்பித்து நீராவி மெல்ல மெல்ல ஒழிந்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

வேலை மாறினால், ஓய்வு பெற்றால் வீடு?

போய்விடும். மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையோடு அடுத்த ஊர், அதனால்தான் ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் இருக்கும் ஊரில் ஆங்கிலப் பள்ளி இல்லையென்றால் பையனை கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ சிரம்பானிலோ ஒரு சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்கவைப்பார்கள். ஓய்வு பெற்றவர் நிலை இன்னும் சங்கடம், முப்பது வருஷம் அரசாங்க வீட்டில் இருந்துவிட்டு அந்த வயதில் சொந்தக் கூரை தேட வேண்டும். முன்யோசனை உள்ளவர்கள் நடுவிலேயே நிலம் வாங்கிப் போட்டார்கள். மற்றவர்கள் மகன் வீட்டுக்குப் போனார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த நூறு குவாட்டர்ஸ் ஸ்டேஷன் மாஸ்டர் வீடுகளா?

இல்லை. ஜாலான் ரொசாரியோ பக்கம் வரிசையாக இருந்த அந்த வீடுகள் ரயில்வேயிலும் மற்ற அரசாங்க இலாகாக்களிலும் வேலை பார்த்த சாதாரண ஊழியர்களுக்கானவை. இப்போது அவை இல்லை, இடித்துவிட்டார்கள். ஒரு ஸ்டேஷனோடு கட்டிய வீடு வேறு, நகரத்தில் மொத்தமாகக் கட்டிய குவாட்டர்ஸ் வேறு. பிரிக்பீல்ட்ஸிலிருந்த பெரிய ரயில் யார்டின் நிலத்தில்தான் 2001-ல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. செந்தூலிலும் பட்டறை ஆட்களுக்கான குவாட்டர்ஸ்தான் அதிகம். அந்தப் பட்டறை இந்த வட்டாரத்திலேயே பெரிய ரயில் பட்டறைகளில் ஒன்றாக இருந்தது, அங்கே பழைய ரயில்வே கட்டடம் ஒன்று இப்போது நாடக அரங்கமாக இருக்கிறது.

பினாங்குத் தீவில் ஸ்டேஷன் மாஸ்டர் வீடு எங்கே இருந்தது?

இந்தக் கேள்வியை பினாங்குக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஜார்ஜ்டவுன் கடற்கரையோரம் மணிக்கூண்டோடு நிற்கும் பழைய ரயில்வே கட்டடத்துக்குத் தண்டவாளமே கிடையாது, 1907 வாக்கில் கட்டியது, இப்போது சுங்க இலாகா அதில் இருக்கிறது. அங்கே டிக்கெட் வாங்கி, படகேறி, பிறைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. ரயிலுக்கு மணி அடிக்கிற வேலை அக்கரையில் என்பதால், ரயிலை ஓட்டும் ஆட்களின் குடியிருப்பும் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம்தான். 1967-ல் பிறை ஆற்றுக்குப் பாலம் போட்டு ரயில் பட்டர்வொர்த் வரை வந்த பிறகு முனையம் அங்கே மாறியது.

ஜப்பான்காரன் காலத்திலும் எமர்ஜென்சியிலும் என்ன ஆனது?

கிழக்குக் கரைப் பாதை கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 1931-ல்தான் முழுசாக முடிந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்துக்குள் ஜப்பானியர் அதன் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பிடுங்கி சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், அதே பாதைக்குத் தோட்டத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். ஸ்டேஷன் நிற்கிறது, வீடு நிற்கிறது, ரயில் இல்லை, இது அங்கே நிஜமாகவே நடந்தது. 1945 ஆரம்பத்தில் செந்தூல் பட்டறை மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன, சுற்றியிருந்த குடியிருப்புகளும் சும்மா தப்பவில்லை.

1948-ல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்க எமர்ஜென்சி வந்ததும் ரயில் கவிழ்ப்பும் துப்பாக்கிச் சூடும் அடிக்கடி நடந்தன, கவசம் போட்ட டிராலி முன்னால் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வர, ரயில் பின்னால் போகும். காட்டு ஸ்டேஷன் ஒன்றில் மனைவி, பிள்ளைகளோடு குடியிருந்தவருக்கு அந்தக் கூப்பிடு தூரத்து வீடு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஓடிப்போகவும் முடியாது, அவர் ஓடினால் ரயில் நிற்கும்.

இத்தனை பழைய வீடுகளை ஏன் விட்டுவிட்டார்கள், இடித்தார்கள்?

பராமரிக்கவில்லை, பழமையின் மதிப்புத் தெரியவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அது இரண்டாவது காரணம். முதல் காரணம், அந்த வீட்டுக்கு வேலை போய்விட்டது. 1995-ல் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் ஓட ஆரம்பித்தபோது ரவாங் - சிரம்பான் பகுதி இரட்டைப் பாதை, மின்சாரப் பாதை. பிறகு ஈப்போ வரை, 2014 வாக்கில் பாடாங் பெசார் வரை. போகிற பாதை தனி, வருகிற பாதை தனி என்றானதும் சாவி எதற்கு? சிக்னலை எங்கோ இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாற்றலாம் என்றால் பக்கத்தில் தூங்கும் ஆள் எதற்கு? அதோடு புதிய பாதைக்கு அகலம் வேண்டும், பழைய ஸ்டேஷனும் வீடும் நின்றது சரியாக அந்த அகலத்தில். இங்கிலாந்திலும் ஆள் போன பிறகுதான் வீடு போனது, 1963-ல் வெளியான பீச்சிங் அறிக்கைக்குப் பின் ஸ்டேஷன்களை மூடி வீடுகளை விற்றார்கள். அங்கே விற்றதனால் பல வீடுகள் பிழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போதும் பார்க்க முடிகிற இடம் எது?

சுலபமானது சிங்கப்பூர். புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011 ஜூன் கடைசிவரை சாவியைக் கைமாற்றித்தான் ரயில் போனது. அந்தச் சின்னச் செங்கல் ஸ்டேஷனையும் பக்கத்தில் இருந்த ஊழியர் குவாட்டர்ஸையும் புதுப்பித்து 2022-ல் திறந்தார்கள், குவாட்டர்ஸில் அப்போது காப்பிக் கடை வந்தது. வீட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் எத்தனை அடி தூரம் என்று அங்கே நடந்து பார்த்தாலே முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மலேசியாவில் என்றால் கிழக்குக் கரைப் பாதை, அது இன்னும் ஒற்றைப் பாதை. தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள், அது குற்றம்.

தாத்தா இருந்த வீட்டை விலைக்கு வாங்க முடியுமா?

ஆசைக்கு அளவில்லை. 1992-ல் மலேசிய ரயில்வேயான கேடிஎம் கம்பெனியானபோது ரயில் ஓட்டும் வேலை அதற்கும், நிலமும் கட்டடங்களும் ரயில்வே சொத்துக் கழகத்துக்கும் போயின. கேடிஎம் கவுண்டரில் கேட்டுப் பயனில்லை, கழகத்திடம் எழுதிக் கேளுங்கள், குத்தகைக்குக் கொடுக்கிறார்களா என்று விசாரிப்பதுதான் நடக்கிற காரியம்.

தாத்தா எந்தெந்த ஸ்டேஷனில் இருந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீட்டு அலமாரி. தாத்தாவின் பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புப் பத்திரத்தையும் வயது வரிசையில் வையுங்கள். மூத்தவர் ஒரு ஊர், அடுத்தவர் வேறு ஊர் என்று இருக்கும், மாற்றல் வரிசையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். பிள்ளைப்பேற்றுக்குப் பாட்டி தாய்வீடு போகும் வழக்கம் இருந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, அந்தப் பத்திரம் தாத்தா ஊரைச் சொல்லாது.

ஊரும் ஆண்டும் தோராயமாகத் தெரிந்ததும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்துக்குப் போங்கள், இலவசம்தான். மலாயா ட்ரிபியூன் மாதிரிப் பத்திரிகைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றல், பிரிவுபசாரம், பதவி உயர்வு என்று நாலு வரிச் செய்திகள் வந்திருக்கும். பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடாதீர்கள், அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒருமுறை, எழுத்துக்கூட்டலை மாற்றி இன்னொருமுறை, பெயரே இல்லாமல் ஸ்டேஷன் பெயரை மட்டும் போட்டு ஒருமுறை தேடுங்கள். அதற்குப் பிறகு கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். சிலாங்கூர் செயலகக் கோப்புகளில் குவாட்டர்ஸ் கட்டவும் பழுதுபார்க்கவும் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, கூரை ஒழுகுகிறது, கிணறு வற்றிவிட்டது என்ற ரகம். அடையாள அட்டையோடு காலையிலேயே போய்விடுங்கள், கோப்பு எடுத்துவர நேரம் பிடிக்கும்.